சமையலறைக்குப் பக்கத்துக் கதவு

ஞாயிற்றுக்கிழமை காலையில் தையல்காரர் கணினியின் முன்னால் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். விளையாட்டில் வரும் மரவீட்டைத் தங்கள் வீட்டைப் போலவே மாற்ற அவர் ஒரு மாட், அதாவது விளையாட்டின் தோற்றத்தை மாற்றும் கூடுதல் கோப்பு, செய்திருந்தார். மனைவியும் ஒன்று செய்திருந்தாள். இரண்டும் ஒரே கோப்பில் கைவைத்ததால் முட்டிக்கொண்டன. விளையாட்டில் கடைசியாக ஏற்றப்படும் மாட்தான் நிலைக்கும். வம்பே வேண்டாமென்று மனைவியுடையதைக் கடைசியில் வைத்தார்.

விளையாட்டைத் திறந்தபோது சமையலறைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கதவு இருந்தது.

"நீ வெச்சியா?"

"நம்ம வீட்ல அங்க வெறும் சுவருதானே. நான் எதுக்குக் கதவு வைக்கப்போறேன்?"

இரண்டு மாட்களையும் நீக்கினார். வீடு பழையபடி மரவீடாகிவிட்டது. கதவு மட்டும் அங்கேயே இருந்தது.

அதைத் திறந்தார். உள்ளே ஒரு சின்னக் கட்டிலும் அதன்மேல் பின்னல் போர்வையும் இருந்தன. கட்டிலுக்கடியில் குதிகால் தேய்ந்த குழந்தைச் செருப்பு கிடந்தது.

"எவனோ நம்மள வெச்சு விளையாடுறான்," என்று சிரிக்கப் பார்த்தார்.

மனைவி திரைக்கு அருகே குனிந்து போர்வையை உற்றுப் பார்த்தாள்.

"அது நான் பின்னுற போர்வைங்க."

"நீ எப்ப பின்னுன?"

"நீங்க கடைக்குப் போனப்புறம்தான். டாக்டர் உறுதியா சொன்னதும் உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன்." அவள் கை வயிற்றின்மேல் இருந்தது. "இன்னும் நீலப் பாதிதான் முடிஞ்சிருக்கு. மீதிக்கு என்ன நிறம்னு நானே முடிவு பண்ணல."

இருவரும் திரையையே பார்த்தார்கள்.

போர்வை முழுசாக இருந்தது. ஒரு பாதி நீலம். மறுபாதி மஞ்சள், பலமுறை துவைத்து வெளுத்துப்போன மஞ்சள்.