நான்காம் பதில்

பணம் வந்து இருநூற்றுப் பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது.

அவள் எண்ணவில்லை. திரையின் மூலையில் அது தானாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த எண்ணியை இணையக் கடையில் பொருத்தியவள் அவள்தான்.

சுவிட்சர்லாந்தில் திறந்தால் விலை பிராங்கில் தெரியும். மலேசியாவில் ரிங்கிட்டில். அதுவும் அவள் செய்ததே. விலைக்குக் கீழே இரண்டு வரிகள். சாதாரணம், முப்பது நாள். விரைவு, ஐந்து நாள்.

சூரிச்சில் இருக்கும் குகதாசன் விரைவுக்குக் கட்டியிருந்தார்.

அவர் கேட்டது ஒரு சீவாளி. நாதஸ்வரத்தின் நுனியில் உதடு படுகிற நாணல் துண்டு. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அது இல்லாவிட்டால் அவ்வளவு பெரிய வாத்தியத்தில் சத்தமே வராது.

கடையில் விரைவு என்று ஒன்று கிடையாது.

அதை அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம் தெரிந்துகொண்டாள்.

சுவிஸுக்குப் போகிற எல்லாம் ஒரே அட்டைப்பெட்டிக்குள் விழும். சலங்கை, தாளம், சுருதிப்பெட்டி. இருபது கிலோ சேர்ந்தால் கிலோவுக்குப் பாதிக் கட்டணம். சேரும்வரை பெட்டி அலமாரிக்கு அடியில் கிடக்கும்.

இன்று காலை பதினேழு கிலோ.

ஒருமுறை முதலாளி சபேசனிடம் கேட்டுப் பார்த்தாள். பாதி வாக்கியத்தில் குரல் உள்ளே போய்விட்டது. அவர் சிரித்தார்.

“சலங்கை நாலு நாள் லேட்டா போனா யாரும் செத்துட மாட்டாங்கம்மா.”

பார்சல் எங்கே என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கு ஒன்பது பதில்கள் தயாராக இருந்தன. நான்காவது: உங்கள் பார்சல் சுங்கச் சோதனையில் உள்ளது.

குகதாசனுக்கு அதை ஆறு முறை அனுப்பிவிட்டாள். ஒரு பொத்தான், அவ்வளவுதான். பேச வேண்டியதில்லை. இந்த வேலைக்கு அவள் வந்ததே அதனால்தான். பி.எஸ்சி. இயற்பியல். வாய்மொழித் தேர்வில் விடை தெரிந்தும் தரையைப் பார்த்து நின்றவள்.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்குத் தொலைபேசி அடித்தது.

சூரிச் எண்.

எப்போதும் சபேசன்தான் எடுப்பார். இன்று எதிரில் உட்கார்ந்து தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தார்.

“நீயே எடும்மா. கடிச்சுத் தின்னுட மாட்டாரு. நாலாம் நம்பரச் சொல்லிட்டு வை.”

ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

“தங்கச்சி, குகதாசன் கதைக்கிறன். லீவு போட்டிட்டு கஸ்டம்ஸுக்கு நேர போனனான். அப்பிடி ஒரு பார்சலே வரேல்லையாம். இவ்வளவு சின்னச் சாமானைப் பிடிச்சு வச்சு நாங்கள் என்ன, சூப்போ வைக்கிறது எண்டு சிரிக்கிறாங்கள்.”

அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போனது.

“ஞாயிற்றுக்கிழமை இங்க கோயில்ல தேர், பிள்ளை. என்னட்ட இருந்த கடைசிச் சீவாளியும் வெடிச்சிட்டுது. பாரிஸில ஒருத்தரிட்ட ஒண்டு இருக்கு. அவரும் நாளைக்குக் கனடா போறார். நான் அவரிட்டக் கேக்கிறதோ, உங்கட வரும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறதோ? அதை மட்டும் சொல்லுங்கோ.”

சபேசன் சோற்றுக் கையைத் தூக்கி நான்கு விரல்களைக் காட்டினார்.

திரையில் அந்தப் பதில் வெறும் எண். வாய்க்குள் எடுத்துப் பார்த்தாள். முதல் சொல்லே நகரவில்லை.

“ஹலோ? தங்கச்சி? நிக்கிறியளோ?”

நான்கு விரல்களும் இன்னும் மேலே போயின.

இது அவளுடைய முதல் வேலை. மூன்று மாதம் அலைந்து கிடைத்தது. சம்பளம் வெள்ளிக்கிழமை.

அவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

தரையைப் பார்க்கவில்லை. சபேசனைப் பார்த்தாள். அவர் கை அப்படியே நின்றது. ஒரு பருக்கை மேசையில் விழுந்தது.

குனிந்து போனை எடுக்கவும் இல்லை. நின்ற இடத்திலிருந்தே பேசினாள். அவள் குரல் இவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்கே தெரியாது.

“பாரிஸ்காரர்கிட்டயே வாங்கிக்கோங்க ஐயா. உங்க சீவாளி சுங்கத்துல இல்ல. இங்க, கும்பகோணத்துல, கடையிலதான் கிடக்கு. நாங்க அனுப்பவே இல்ல.”