இடம்புரிச் சரம்

கலைக்கு ஆண், பெண் என்ற பேதம் கிடையாது.

குழுவில் சேருவதற்கு மட்டும் உண்டு.

பரிசளிப்பு மேடையில் கட்டியிருந்த பேனரில் முதல் வரிதான் இருந்தது. இரண்டாவது, பாசிமாலைக் குழுவின் வாட்ஸப்பில் விதிமுறைகளோடு இருந்தது. பெண்கள் மட்டும்.

அதனால் அவர் கோத்த பாசிமாலைகள் எல்லாம் மனைவி பூங்கோதையின் பெயரில் போட்டிக்குப் போயின. மாதம் ஒரு சவால். மாதம் ஒரு தலைப்பு. மழை, மௌனம், எனக்குள் ஓடும் நதி. எல்லாவற்றையும் அவர் கோத்துவிட்டார்.

அவர் ஊசி பிடிக்கும்போது டி.வி.யில் கிரிக்கெட் அலறும். யாராவது காலிங் பெல் அடித்தால் பாசித் தட்டின் மேல் செய்தித்தாள் விரிந்துவிடும். ஓய்வு பெற்ற செயற்பொறியாளர் வீட்டில் உட்கார்ந்து நகை கோக்கிறார் என்று வெளியே பேச்சு வரக்கூடாது.

இன்று பேச்சு வந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

காரில் வரும்போது பூங்கோதையே சொன்னாள், முதல் பரிசு கிடைத்தால் மேடையில் உண்மையைச் சொல்லிவிடுவதாக. அவர் வேண்டாம் என்றார்.

ஒரு தடவைதான் சொன்னார். அழுத்திச் சொல்லப்போய் அவள் கேட்டுக்கொண்டுவிட்டால்?

கணவன்மார்களுக்குக் கடைசி வரிசை. ஆளுக்கொரு கைப்பை மடியில். அவர் சலவை மடிப்புக் கலையாத சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெயரைச் சொன்னதும் மெல்ல எழுந்திருக்க வேண்டும். கூச்சப்படுவதுபோல ஒரு சிரிப்பு. காலையில் கண்ணாடி முன் நின்று அதைப் பார்த்து வைத்திருந்தார்.

பக்கத்து நாற்காலியில் சென்னியப்பன். அலுவலகத்தில் அவருக்குக் கீழே இருந்தவர். வேலையத்தவங்க பொழுதுபோக்குக்கு நம்மைப் பை தூக்க வைத்துவிட்டார்களே என்று அலுத்துக்கொண்டு சிரித்தார்.

அவரும் சேர்ந்து சிரித்தார்.

இந்த மாதத் தலைப்பு ‘நான்’.

புதிதாக எதுவும் வாங்கக்கூடாது, வீட்டில் மிஞ்சிய பாசியில்தான் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. அவரிடம் நீலம் மிஞ்சியிருந்தது. நீலத்தில் ஒரு முறுக்குச் சரம் பின்னினார். நடுவில் ஓரிடம் சரியாக வரவில்லை. பிரித்தார், பின்னினார், பிரித்தார். கண் எரிந்தது. கடைசியில் சரியாக வந்தபோது யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருந்தது.

டி.வி.யில் யாரோ சிக்ஸர் அடித்தார்கள்.

ஒவ்வொரு மாலையோடும் அதன் பொருளை எழுதி அனுப்ப வேண்டும். அது பூங்கோதையின் பங்கு. ‘ஆழ்கடலுக்கு அடியில் ஒரு பெண்ணின் சொல்லப்படாத சொற்கள்’ என்று எழுதியிருந்தாள்.

நீலம் மிஞ்சியிருந்ததை எழுதவில்லை.

முதல் பரிசு அதற்குத்தான்.

குழுத் தலைவி வசுந்தரா சரத்தை உயர்த்திப் பிடித்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்று காலையிலிருந்து முதன்முறையாக அவள் வாயில் அடைமொழி எதுவும் வரவில்லை.

பிறகு மைக்கை எடுத்தாள். மற்றவர்களுடைய முறுக்கெல்லாம் வலப்பக்கம் போகிறது, இது இடப்பக்கம் போகிறது என்றாள். இது இடம்புரி. இடது கைக்காரர் பின்னினால்தான் இப்படி விழும்.

பூங்கோதை கடைசி வரிசையைப் பார்த்தாள்.

அவருடைய முதுகு நாற்காலியை விட்டு எழும்பியது.

“ஆமாங்க மேடம்” என்றாள் பூங்கோதை. “சின்ன வயசுல இருந்தே எனக்கு எடது கைதானுங்க.”

அரங்கம் கைதட்டியது.

முதுகு நாற்காலிக்குத் திரும்பியது.

இந்தச் சமூகம் எத்தனை இடது கைகளை அடித்து முடக்கியிருக்கிறது என்று வசுந்தரா தழுதழுத்தாள். பூங்கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இடது கையால். யோசித்து.

கல்யாணமான புதிதில் அவளுடைய மாமாவுக்கு அவர் இடது கையால் தாம்பூலத்தை நீட்டிவிட்டார். அன்று மணிக்கட்டில் விழுந்தது பூங்கோதையின் முதல் தட்டு. அப்புறம் கடையில், கோயிலில், விருந்தாளிகள் முன்னால். வலிக்காத தட்டுதான். பேரன்கூட அதைப் பார்த்துத் தானும் தட்டுவான். அவருக்கு எல்லாமே வலது கைக்குப் போய்விட்டது.

ஊசி மட்டும் போகவில்லை. அது கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற காரியம்.

சென்னியப்பன் முழங்கையால் இடித்தார். “ஏனுங் சார், உங்கூட்டம்மா எடது கைங்களா? இத்தன வருசமா சொல்லவே இல்லீங்களே.”

பழகிப் போச்சு என்றார் அவர்.

சாப்பாட்டில் பெண்களுக்கு முதல் பந்தி. வசுந்தரா பூங்கோதையைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். இங்கே யாருக்கும் பயப்பட வேண்டாம், உங்கள் கையாலேயே சாப்பிடுங்கள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

சோற்றுக்குப் போயிருந்த பூங்கோதையின் வலது கை பாதியில் திரும்பியது.

இடது கை போனது. பிசையத் தெரியாமல் துழாவியது. சாம்பார் வளையலைத் தாண்டி முழங்கைக்கு வழிந்தது. சோறு கொஞ்சம் வாய்க்கும் மீதி பட்டுப்புடவைக்கும் போனது. எதிரே இருந்தவர்கள் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுவரோரம் நின்றிருந்த அவருக்குப் பொறுக்கவில்லை. கைக்குட்டையை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் நீட்டினார். எந்தக் கையில் நீட்டுகிறோம் என்று பார்க்கவில்லை.

அவள் தலை நிமிரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

“நாலு பேரு பாக்கறாங்க. சோத்தாங்கையில குடுங்க.”

அவர் கை மாற்றிக் கொடுத்தார்.

சாரியும் சொன்னார்.