வெள்ளாங்குளத்துக் கிருமி

“வெள்ளாங்குளத்தில இருக்கிறவள் ஆர்?”

சேலைன் ஏறிக்கொண்டிருந்த கையைத் தூக்கி அந்தோனிமுத்து மனைவியைக் கும்பிட்டான். மூன்று கிழமைக் காய்ச்சலில் பாதியாகிப் போன மனிதனுக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு இறங்கி ஓடவும் வழியில்லை.

“மாதாவாணை, எனக்கு அங்க ஒருத்தரையும் தெரியாது செலீனா.”

“மாதாவை ஏன் இழுக்கிறியள்? உங்கட பொய்யுக்கு அவ சாட்சி சொல்ல வரமாட்டா.”

அவர்கள் ஊரான பள்ளிமுனையில் செலீனாவின் சந்தேகத்துக்கு ஒரு தனி மரியாதை உண்டு. புருஷன் கடலுக்குப் போனால்கூட அங்கே எவளோ காத்திருக்கிறாள் என்று நினைக்கிற பெண். பதினெட்டு வருஷமாக ஒரு சாட்சியும் அகப்படவில்லை. அதற்காக அவள் மனம் தளர்ந்ததும் இல்லை. இன்றைக்குத்தான் கொழும்பிலிருந்து சாட்சி வந்து இறங்கியிருக்கிறது, அதுவும் விஞ்ஞானச் சாட்சி.

ஒன்றரை மாதத்துக்கு முன் திருக்கை முள் குத்திய கால் ஆறவில்லை, காய்ச்சலும் விடவில்லை. இரத்தத்தை இரண்டு தரம் சோதித்தும் என்ன கிருமி என்று தெரியவில்லை. ஆகவே காலில் எடுத்த சீழைக் கொழும்புக்கு அனுப்பி, அதிலுள்ள மரபணுவை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். பதில் காலையில் வந்தது. சேற்றில் வாழ்கிற கிருமியாம். இரண்டு வருஷத்துக்கு முன் வெள்ளாங்குளத்து வயல்காரர் ஒருவரைப் பிடித்த கிருமியின் மரபணுவோடு இது அச்சொட்டாகப் பொருந்துகிறதாம்.

டொக்டர் யதுர்சிகா இவ்வளவையும் பொறுமையாக விளக்கினாள். செலீனாவின் காதில் விழுந்தது ஊர்ப்பெயர் மட்டும்தான். கிருமியைப் பிடிக்கக் கொழும்பு மெஷினுக்கு ஐந்து நாள் பிடித்தது. கள்ளியைப் பிடிக்கச் செலீனாவுக்கு ஐந்து நிமிஷம் போதுமாயிருந்தது.

“நான் கடல்காரன். எனக்கு வயலுக்க என்னடி வேலை? வெள்ளாங்குளத்துக்கு எந்தப் பக்கத்தால போறதெண்டே தெரியாது.”

“ஓமோம், பால்குடி! பஸ்ஸால இறங்கி, மதகு தாண்டி, வாய்க்கால் கரையால பத்து நிமிசம் நடக்கத் தெரியாதாக்கும்!”

பக்கத்துக் கட்டில்காரர் தன் வயிற்றுவலியை மறந்து இந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். செலீனா டொக்டரிடம் போனாள்.

“டொக்டர், கிருமின்ர ஊர் தெரியுது. அவளின்ர பேரையும் அந்த மெஷினிட்டக் கேட்டுச் சொல்லேலாதா?”

“அக்கா, இது ஆளிட்ட இருந்து ஆளுக்கு இப்பிடித் தொத்துற கிருமி இல்ல. ஈர மண்ணில இருக்கும், காயத்துக்குள்ளால போகும். அண்ணைக்குச் சீனி வருத்தமும் இருக்கு.” டொக்டரின் குரல் இறுகியது. “இண்டைக்கே மருந்தை மாத்திறம். ஆனா இனியும் அந்த மண் காயத்தில பட்டா காலை எடுக்க வேண்டி வரும். உயிருக்கும் நான் பொறுப்புச் சொல்லமாட்டன்.”

செலீனா அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். சண்டை பிடிக்க அவளுக்கு உலகத்தில் வேறு ஆளில்லை. அவன் வேண்டும், முழுசாக வேண்டும். ஒருத்திக்கும் ஒரு துண்டும் கொடுக்க மாட்டாள். இத்தனை வருஷத்துச் சண்டையும் அதற்காகத்தானே!

“அவளின்ர வயலுக்க இனிக் கால் வைக்கமாட்டன் எண்டு சொல்லுங்கோ,” என்று அவன் கையைப் பிடித்து அழுதாள். “நான் மன்னிக்கிறன். செத்துமட்டும் போயிடாதேங்கோ.”

செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கிடைத்த சந்தோஷத்தில் அந்தோனிமுத்து முழித்தான்.

டொக்டர் காலில் இருந்த கட்டை அவிழ்த்துக் குனிந்து பார்த்தாள். ரோர்ச் வெளிச்சத்தையும் பிடித்துப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

“இவ்வளவு நாளும் இதைக் காய்ஞ்ச ரத்தமெண்டு நினைச்சுக் கழுவியிருக்கிறம். இது சேறு. அண்ணை மூண்டு கிழமையா வாட்டை விட்டு வெளியில போகேல்ல. பிறகெப்பிடி ஈரச் சேறு காயத்துக்க வரும்?”

“எனக்கென்ன தெரியும் டொக்டர்? நான் மத்தியானத்தில மருந்து மயக்கத்தில நித்திரை.”

“காலமை நேர்ஸ் மிஸ்ஸி கழுவிக் கட்டினவ. அதுக்குப் பிறகு இந்தக் கட்டை அவிழ்த்தது ஆர்?”

செலீனாவின் அழுகை நின்றுவிட்டது. அவள் மெல்லக் கைப்பையைத் திறந்து, செபமாலையை ஒதுக்கி, அடியில் கிடந்த ஒரு சின்னப் போத்தலை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். உள்ளே கறுத்த ஈரமண், மஞ்சள் வாசத்தோடு.

“இதென்னடி?” என்றான் அந்தோனிமுத்து.

அவள் அவனைப் பார்க்கவில்லை. டொக்டரைத்தான் பார்த்தாள்.

“மனிசன் வேறவளிட்டப் போகாம இருக்க, வெள்ளாங்குளத்து மந்திரக்காரர் தன்ர வயல் மண்ணை எடுத்து மந்திரிச்சுத் தந்தவர். காயத்தில பூசினாத்தான் கெதியா ரத்தத்தில ஏறுமாம்.”

செலீனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கெஞ்சினாள்.

“நாப்பத்தொரு நாள் கணக்கு டொக்டர், இன்னும் மூண்டே மூண்டு நாள்தான் கிடக்கு!”