அசலைப் போலவே

மொட்டைக் கடிதம் இப்போதெல்லாம் மெயிலில் போகிறது. கடல் தாண்டி, ஜப்பானில் ஒரு அனிமே கார்ட்டூன் தொடரின் சொந்தக்காரர்களுக்கே அது போயிருந்தது. உங்கள் தொடரை அனுமதி வாங்காமல் இங்கே நிஜ நடிகர்களை வைத்துப் படமாக எடுத்துவிட்டார்கள், அடுத்த மாதம் வெளியிடப் போகிறார்கள் என்று நாலே வரி. பதிலுக்கு அவர்கள் உள்ளூரிலேயே ஒரு வக்கீலை அமர்த்தி, படத்தைப் பார்த்துவரச் சொல்லியிருந்தார்கள்.

"யாரோ நம்ம ஆளுதான் போட்டுக் குடுத்திருக்கான்," என்றார் டைரக்டர். உடைகள் குவிந்து கிடந்த அறையில் நடக்க வழியில்லாமல், நின்ற இடத்திலேயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திரும்பிக்கொண்டிருந்தார். "சண்டை போட்டுட்டுப் போனானே கேமராமேன், அவனாத்தான் இருக்கும். நீங்க என்னக்கா சொல்றீங்க?"

காஸ்ட்யூமர் அக்காவின் வாயில் நாலு குண்டூசிகள் இருந்தன. தலையை மட்டும் ஆட்டினாள்.

"கேஸுன்னு வந்தா எல்லாரும் உள்ள போகவேண்டியதுதான். அதுலயும் முதல்ல நீங்கதான்க்கா. கதையைக் கேட்டா என் சொந்தக் கதைன்னு நான் சாதிச்சிடுவேன். உங்க துணிமணியை என்னன்னு சொல்றது? அச்சு அசலா இருக்கே."

அச்சு அசல். எட்டு மாத உழைப்பில் அவளிடம் யாரும் சொல்லாத வார்த்தை. அதை இப்படி ஒரு குற்றச்சாட்டாகத்தான் கேட்க வேண்டியிருந்தது.

கதாநாயகியின் நீல விக்குக்கு மட்டும் ஏழு முறை சாயம் கலந்திருந்தாள். திரையை நிறுத்தி நிறுத்தி மேலங்கியின் மடிப்புகளை எண்ணித் தைத்திருந்தாள். முதுகில் இருக்கும் பூவுக்கு ஒன்பது இதழ் வரவேண்டும், எட்டுதான் வைத்தாள். செத்துப்போன தங்கையின் நினைவாக நாயகி தன் கையாலேயே பிய்த்தெடுத்த இதழ் அது. தொடரைக் கடைசிவரை பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். டைரக்டர் பார்த்தது மூன்று பகுதி. ஒரு இதழ் விட்டுப்போச்சே என்று அவர் கேட்டபோது, நூல் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டாள்.

"அந்த விக்குக்குக் கறுப்புச் சாயம் போட்டுடுங்களேன்."

"படம் எடுத்து முடிச்சாச்சே தம்பி. இப்பப் போட்டு என்ன ஆகப்போகுது?"

"அதுவும் சரிதான்," என்றார் டைரக்டர்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வக்கீல் வந்தார். வழக்குக்காக அந்தத் தொடரைப் பார்க்க ஆரம்பித்து, விட முடியாமல் மூன்று தடவை பார்த்து முடித்தவராம். டைரக்டருக்கு அதைக் கேட்டதும் முகம் செத்துப்போயிற்று. பன்னிரண்டு நாற்காலி போட்ட சின்ன ஹாலில் வக்கீல் முன்வரிசையில் உட்கார்ந்தார். அக்கா அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். அவர் பேனா அசையும்போதெல்லாம் அவள் எட்டிப் பார்த்தாள்.

படம் ஓடியது. பதினாறு வயது வீரனாகத் தயாரிப்பாளரின் மைத்துனர் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினார். வானத்தில் மிதக்கும் நகரம் ஒரு மொட்டைமாடியாக இருந்தது. டிராகன் உறுமியது, எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள், அது கடைசிவரை வரவில்லை. அதே ஆறு பேர் மூன்று முறை கடந்துபோய்ப் பெரும்படை ஆனார்கள்.

இதெல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான். இருட்டுதான் தெரியாது. மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டிகளை மறைக்க ஒரே ஒரு விளக்கை வைத்து எடுத்திருந்தார்கள். வெளிச்சத்தை அப்புறம் கூட்டிக்கலாம் என்று டைரக்டர் அப்போது சொன்னதை அவள் நம்பியிருந்தாள். யாரும் கூட்டவில்லை. நீல விக் கறுப்பாகத் தெரிந்தது. நாயகி திரும்பி நின்ற அந்த ஒரே காட்சியில், இதழ் என்ன, முதுகே தெரியவில்லை.

விளக்கைப் போட்டதும் வக்கீல் பேனாவை மூடினார்.

"இதுக்கு நாங்க கேஸ் போட முடியாது. திருடிட்டாங்கன்னு சொல்லணும்னா ரெண்டும் ஒண்ணு போல இருக்கணும் இல்லையா? அது பதினாறு வயசுப் பையனோட கதை. இவருக்கு அந்த வயசுல ஒரு பையனே இருப்பான் போலிருக்கு."

"ரெண்டு பேர் சார்," என்றார் கடைசி வரிசையில் இருந்த மைத்துனர் பணிவாக.

"அந்த உடையெல்லாம்?" என்று கேட்டாள் அக்கா.

டைரக்டர் அவள் காலை மிதித்தார்.

"உடையா?" வக்கீல் கொஞ்சம் யோசித்தார். "கறுப்பா என்னமோ போட்டிருந்தாங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. நீங்க பயப்படாம வீட்டுக்குப் போங்க."

அவர் போனதும் டைரக்டர் நாற்காலியில் சரிந்தார். "தப்பிச்சோம்க்கா. அந்தக் கேமராமேன் மூஞ்சியில கரி. எதுக்கும் அந்தத் துணியை எல்லாம் உங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க. யார் கண்ணுலயும் படவேண்டாம்."

பஸ்ஸில் மடியில் மூட்டையை வைத்துக்கொண்டு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். நிரபராதி என்று ஆகிவிட்டதை நினைத்துப் பார்த்தாள். மனசு ஆறவில்லை. எட்டு மாதத்தையும் ஒருவர் பார்த்துவிட்டு, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொன்னது போலிருந்தது.

வீட்டு மாடியில் நல்ல வெயில். மேலங்கியைக் கொடியில் விரித்தாள். விக்கைச் சீவி, பக்கத்தில் ஒரு குடத்தின் மேல் கவிழ்த்தாள். நீலம் நீலமாகவே இருந்தது. கைப்பேசியை எடுத்து, கிட்டே போய், தள்ளி நின்று, ஆறு படங்கள் எடுத்தாள்.

அன்று சாயங்காலமே அந்த ஆறு படங்களோடு, தொடரின் சொந்தக்காரர்களுக்கு அவளுடைய இரண்டாவது மொட்டைக் கடிதம் போனது.