இன்னும் கொஞ்சம் அழுங்க

"இன்னும் கொஞ்சம் அழுங்க. இது பத்தாது."

பக்கத்து வீட்டு விவியனின் குரல். துணி காயப்போட வெளியே வந்த மகதலேனா அப்படியே நின்றுவிட்டாள்.

"முடியலை லா. கண்ணெல்லாம் எரியுது."

இது விவியனின் புருஷன் இக்னேஷியஸ். கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவன். அவன் படியேறினால் அந்த பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டே அதிரும். அவனா அழுகிறான்?

"எரிஞ்சா எரியட்டும். கண்ணைத் துடைச்சீங்க, அவ்வளவுதான்!"

மகதலேனாவுக்கு ரத்தம் கொதித்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்? இந்த மாதிரி ஒன்று காதில் விழுந்து ரொம்ப நாளாயிற்று. ஈரத்துணியை வாளியிலேயே போட்டுவிட்டு, கிரில் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள்.

நாற்காலியில் இக்னேஷியஸ். மடியில் ஒரு தட்டு நிறைய நறுக்கிய வெங்காயம். இரண்டு இமையிலும் பளபளவென்று ஊதாச் சாயம். வலது கண்ணில் அது கரைந்து மீசை வரைக்கும் வழிந்திருந்தது. எதிரே விவியன், கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏய் விவியன், கதவைத் திற!"

கதவு திறந்ததுதான் தாமதம், மகதலேனா பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு மனசாட்சியே இல்லையா? கட்டின புருஷனுக்குச் சாயம் பூசி, அழ வச்சு, அதை வீடியோ வேற எடுக்கிறே! ஃபாதர்கிட்ட சொல்லட்டுமா?"

"ஐயோ ஆன்டி, டெஸ்ட் பண்றேன் லா! கல்யாணப் பொண்ணு மேக்கப் ஒண்ணு வந்திருக்கு. எந்த பிரைமர் தாங்கும்னு பார்க்கிறேன்."

"பிரைமரா? அது சுவருக்கு அடிக்கிறதாச்சே?"

"அதேதான் ஆன்டி." இக்னேஷியஸ் மூக்கை உறிஞ்சினான். "சுவருக்கு முதல்ல அதை அடிச்சாத்தான் பெயிண்ட் நிக்கும். இமைக்கும் அப்படித்தானாம். எனக்கு இடது கண்ணுல பிரைமர் இருக்கு, வலதுல இல்லை."

"இந்த மினுக்குப் பொடியையும் வலதுக்கு வெறும் தண்ணியில குழைச்சேன்," என்றாள் விவியன். "இடதுக்கு மிக்சிங் லிக்விட் ரெண்டே சொட்டு. நீங்களே பாருங்க, அரை மணி நேரமா அழுறாரு."

மகதலேனா கிட்டப் போய்ப் பார்த்தாள். வலது இமை மழையில் நனைந்த போஸ்டர் மாதிரி இருந்தது. இடது இமையில் ஒரு துளி கலையவில்லை.

"உன் கண்ணுல போட்டுப் பார்க்க வேண்டியதுதானே?"

"எனக்கு வெங்காயம் பழகிப்போச்சு ஆன்டி. ஒரு சொட்டு வரமாட்டேங்குது. இவருதான், 'நான் அழுறேன்'னு வந்து உட்கார்ந்தாரு."

"காலையில இருந்து இது மூணாவது பிரைமர்," என்றான் இக்னேஷியஸ். "நடுவுல மறந்துபோய் இப்படியே கீழே ரொட்டி சானாய் வாங்கப் போயிட்டேன். கடைக்காரரு மீசையைப் பார்த்தாரு, கண்ணைப் பார்த்தாரு. பாஸ்னு கூப்பிடுறதா அக்கான்னு கூப்பிடுறதான்னு தெரியாம, ரொட்டியைக் கையில திணிச்சிட்டு உள்ளே ஓடிட்டாரு."

மகதலேனாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஃபாதரிடம் சொல்ல ஒன்றும் இல்லாமல் போனதில் ஒரு ஏமாற்றம். சட்டென்று வேறொன்று தோன்றியது.

"அதென்ன, அரை மணி நேரம் அழுற கல்யாணம்? பிடிக்காத மாப்பிள்ளையா? பெத்தவங்க கட்டாயப்படுத்துறாங்களா? வீட்டைக் காட்டு, நான் போய்க் கேட்கிறேன்!"

"அதெல்லாம் இல்லை ஆன்டி. பொண்ணு விரும்பின பையன்தான். நல்ல பையன்."

"அப்புறம் எதுக்கு அழணும்?"

விவியன் புருஷனைப் பார்த்தாள். அவன் வெங்காயத் தட்டைப் பார்த்தான்.

"பையன் வேற மதம்னு பொண்ணோட அம்மா வரமாட்டேன்னு சொல்லிட்டாங்களாம். 'முன்வரிசையில அம்மா நாற்காலி காலியா இருக்கும். அதைப் பார்த்தா என்னால அழாம இருக்க முடியாது. கலையாத மாதிரி ஏதாச்சும் போட்டுவிடுங்கக்கா'ன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு."

மகதலேனா இக்னேஷியஸின் மடியிலிருந்த வெங்காயத் தட்டை எடுத்துக் கீழே வைத்தாள்.

"எந்த ஊர்ப் பொண்ணு?" என்று பிறகு கேட்டாள். கிரிலுக்கு வெளியே நின்று கத்திய குரலா அது என்று இருந்தது.

"சுபாங் ஜெயாவுல வாடகைக்கு இருக்கு." விவியன் தயங்கினாள். "உங்க மக எவலின்தான் ஆன்டி. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொல்லுச்சு."

மகதலேனா இக்னேஷியஸின் இடது கண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஊதா வேணாம்," என்றாள் கடைசியில். "அவளுக்கு ஊதா எடுக்காது. முகூர்த்தம் எத்தனை மணிக்கு?"