பாஸ்வேர்டு போடவில்லை

அவன் மவுஸை மறுபடியும் உலுக்கினான்.

அம்பு திரை முழுக்க அலைந்தது. அழுத்துவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. ஐகான் இல்லை. மெனு இல்லை. வெறும் கறுப்புத் திரை.

"என்னடி பண்ணி வச்சிருக்க இத?"

அவள் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுடைய கம்ப்யூட்டர். அவளுடைய நாற்காலி.

அவளுக்குப் புனேயில் வேலை கிடைத்திருந்தது. மாலைக்குள் பதில் மெயில் போக வேண்டும். உனக்கெதுக்குச் சிரமம், நானே எழுதிவிடுகிறேன் என்று வந்து உட்கார்ந்துவிட்டான், மகராசன்.

போன வருஷம் ஒரு கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டபோதும் அவன்தான் எழுதினான். அவள் அடுப்படியில் ரசம் தாளித்துக்கொண்டிருந்தபோது, அவள் பெயரில், குடும்பச் சூழல் காரணமாக வர இயலவில்லை என்று. அந்தக் கம்பெனி வருத்தம் தெரிவித்து எழுதிய பிறகுதான் அவளுக்கே விஷயம் தெரிந்தது.

அன்று வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

பாஸ்வேர்டு போட்டால் சண்டைக்கு வருவான். புருஷனிடம் என்ன ஒளிவுமறைவு என்பான். அதனால் அவள் பாஸ்வேர்டு போடவில்லை.

டைலிங் போட்டாள். ஐகானும் பெருக்கல் குறியும் இல்லாமல், விண்டோக்களைத் தரை ஓடு மாதிரி பக்கத்தில் பக்கத்தில் பதிக்கிற ஏற்பாடு.

திறக்க, நகர்த்த, மூட, எல்லாவற்றுக்கும் கீபோர்டுதான். எந்த விசை எதற்கு என்பதை அவளே முடிவு செய்தாள். விரல்களுக்குப் பழக்கினாள். அதில் ஒரு விண்டோ இன்னொன்றின் மேல் ஏறி உட்கார முடியாது. புதிதாக ஒன்று வந்தால், ஏற்கெனவே இருப்பது ஒதுங்கி இடம் விட்டாக வேண்டும். அந்தச் சட்டம் அவளுக்கு ரொம்பவே பிடித்துப்போனது.

"எந்திரிங்க. நான் எடுக்கறேன்."

எழுந்தான். வேறு வழி?

அவள் உட்கார்ந்தாள்.

டக்.

புனே மெயில் திரை முழுக்க விரிந்தது.

டக் டக்.

அது இடப்பக்கம் ஒதுங்கியது. வலப்பக்கத்தில் பதில் எழுதும் விண்டோ வந்து நின்றது.

"வர முடியாதுன்னு போடு. மரியாதையா போடு."

மரியாதையாகத்தான் போட்டாள். மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்கிறேன்.

அவன் குனிந்து படித்தான். இன்னொரு முறை படித்தான். அவள் தோளுக்கு மேலாக எட்டி மவுஸைப் பிடித்தான். உடனே இதை மூட வேண்டும். பெருக்கல் குறியைத் தேடினான். மேல் மூலைக்குப் போனான். எதிர் மூலைக்குப் போனான். திரும்பவும் முதல் மூலைக்கே வந்தான்.

அவள் வேலையில் சேரும் தேதியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.