வாசலில் வாளோடு ஒருவர்

"ஆபீஸ்ல ஜி.எம். இருமினாலே எழுந்து நிக்கிறீங்க. மாசாமாசம் அந்த லாட்ஜுக்குப் போய் மட்டும் என்ன ஆகப்போகுது?" என்று காலையில்தான் கணவர் தாமோதரனிடம் பொரிந்து தள்ளினாள் வைதேகி.

மாலையில், அவர் மறந்துவிட்டுப் போன கூட்டத்துக்கான வெள்ளைக் கையுறைகளோடு, கன்டோன்மென்ட்டில் ஃப்ரீமேசன் சங்கத்தார் கூடும் மேசானிக் லாட்ஜுக்கே வந்து இறங்கினாள்.

மூடிய கதவுக்கு வெளியே, கறுப்புக் கோட்டு அணிந்த பெரியவர் ஒருவர் சங்கத்தின் வழக்கப்படி கையில் வாளோடு காவல் நின்றார்.

"உள்ள விடமுடியாதும்மா. யாரைப் பார்க்கணும்?"

"எங்க வீட்டுக்காரர், ஸ்டோர்ஸ் கிளார்க் தாமோதரன். இதை அவர்கிட்ட குடுத்துடுங்க."

பெரியவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

"எங்க தலைவரா! சமயபுரம் கண் முகாம்ல நாப்பது பேருக்கு ஆபரேஷன் நடந்ததே அவராலதாம்மா. இந்தக் கதவைத் தாண்டிட்டா ஆபீஸ் பதவியெல்லாம் செல்லாது. அவர் சொல்றதைத்தான் நாங்க எல்லாரும் கேட்போம்."

வைதேகிக்குக் கண் கலங்கிவிட்டது.

"வீட்டுல ஒரு வார்த்தை சொல்லலையே! தினமும் அவரை விரட்டுற அந்த ஜி.எம்.முக்கு இதெல்லாம் தெரியணுங்க!"

"தெரியும்மா" என்று அசடு வழியச் சிரித்தார் பெரியவர். "அந்த ஜி.எம்.மை இந்த வருஷம் வாசல் காவலுக்குப் போட்டதே உங்க வீட்டுக்காரர்தான்."